தபாலில் வந்த நிலம்

"ரெகுலரா, கரஸ்ஸா?"

தமிழ் முதுகலையை அஞ்சல்வழியில் படித்த எனக்கு, பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பின்னும் இந்தக் கேள்வி ஓயவில்லை. ஒரு நேர்காணலில் இதைக் கேட்ட பெரியவர், விடையைக் கேட்டதும் கோப்பை மெல்ல மூடிவைத்தார். இலக்கியத்துக்காவது ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வீட்டுத் திண்ணையில் படித்தாலும் வகுப்பறையில் படித்தாலும் அதே நூல்தானே. ஆனால் புவியியலை ஒருவர் எப்படித் தபாலில் படிக்க முடியும்? ஆறும் பாறையும் ஊரும் ஓர் உறைக்குள் அடங்குமா? அந்தப் பெரியவர்மேல் இருந்த கோபம் தணிந்த பிறகும் இந்தக் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. அதைப் பின்தொடர்ந்து போனபோது கிடைத்த கதை பெரும்பாலும் இங்கிலாந்தில் நடந்தது.

1858இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு புதிய சாசனம் கிடைத்தது. கல்லூரி எதிலும் சேராதவர்கள்கூட அதன் தேர்வுகளை எழுதலாம் என்று அது வழிசெய்தது. மருத்துவம் மட்டும் விலக்கு. எங்கிருந்து, எப்படிப் படித்தாய் என்று பல்கலைக்கழகம் கேட்கவில்லை. அது கற்பிக்கவும் இல்லை, சோதித்தது, அவ்வளவே. 1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்கள், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, இந்த லண்டன் பட்டங்களுக்காகவே படித்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போன பலருடைய பெயருக்குப் பின்னால் 'லண்டன்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

இதில் புவியியல் எங்கே வருகிறது? சுவையான செய்தி என்னவென்றால், இங்கிலாந்தில் நவீனப் புவியியல் உயர்கல்விக்குள் நுழைந்ததே ஓரளவுக்குப் பல்கலைக்கழகச் சுவருக்கு வெளியேதான். ஹால்ஃபோர்ட் மெக்கிண்டர் 1885 முதல் ஆக்ஸ்ஃபோர்டின் விரிவுரை இயக்கத்துக்காக ரயிலேறி ஊர் ஊராகச் சென்று, கல்லூரி வாசலை மிதிக்க வாய்ப்பில்லாதவர்களுக்குப் 'புதிய புவியியல்' பற்றிப் பேசினார். ஆக்ஸ்ஃபோர்டு அவருக்குப் புவியியல் பதவி ஒன்றை உருவாக்கியது அதற்குப் பிறகு, 1887இல்.

ஆனால் மெக்கிண்டர் கற்பித்தது எத்தகைய புவியியல் என்பதையும் பார்க்கவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியக் குடியேற்ற அமைச்சகம் காட்சிவழிக் கல்விக்கென ஒரு குழுவை அமைத்தது. பேரரசைப் பற்றிப் பள்ளி மாணவர்களுக்குக் கற்பிப்பதே நோக்கம். விளக்கின் முன் கண்ணாடிச் சில்லுகளை வைத்துத் திரையில் படம் காட்டும் முறை. ஹியூ ஃபிஷர் என்ற ஓவியர் உலகம் சுற்றிப் படங்கள் சேகரித்தார். மெக்கிண்டர் உரைகளை எழுதினார். 1910இல் வெளிவந்த 'இந்தியாவைப் பற்றிய எட்டு உரைகள்' நூலில் முதல் உரை சென்னையைப் பற்றியது. இருட்டறையில் அமர்ந்த ஓர் ஆங்கிலச் சிறுவனுக்கு நம் கோயில் கோபுரம் பாடப்பொருளாக ஒளிர்ந்தது. நிலம் தொலைவில், மாணவன் இருக்கையில், நடுவே ஒரு விளக்கு. தொலைநிலைக் கல்வி என்ற சொல் பிறப்பதற்கு முன்பே புவியியல் தொலைவிலிருந்து பார்க்கும் கல்வியாக இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. அந்தத் தொலைவு ஆள்பவனுக்கு வசதியான தொலைவு.

இரண்டாம் உலகப்போரின்போது லண்டன் பல்கலைக்கழகத்தின் தேர்வுத்தாள்கள் ஜெர்மானியச் சிறைமுகாம்களுக்குள்ளும் சென்றன. 1940க்கும் 1945க்கும் இடையில் 88 முகாம்களில் ஏறத்தாழ 11,000 தேர்வுகளைப் போர்க்கைதிகள் எழுதினார்கள். தோற்றவர்கள் பலர், ஆனால் பட்டத்தோடு வெளியே வந்தவர்களும் உண்டு. அதே காலத்தில் தப்பியோட உதவும் வரைபடங்களைப் பட்டுத்துணியில் அச்சிட்டு முகாம்களுக்குள் கடத்திக்கொண்டிருந்தது பிரித்தானிய உளவுத்துறை. பாடநூல் பகிரங்கமாகவும் வரைபடம் ஒளித்தும் போய்ச் சேர்ந்த இடம் அது.

1963இல் கிளாஸ்கோவில் ஹரால்ட் வில்சன் 'வானொலிவெளிப் பல்கலைக்கழகம்' என்ற திட்டத்தை அறிவித்தபோது அதைப் பலர் தேர்தல் வித்தை என்றே நினைத்தார்கள். கன்சர்வேட்டிவ் தலைவர்களில் ஒருவரான இயன் மெக்லியோட் அதை வெறும் பிதற்றல் என்று ஒதுக்கினார். ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளான ஜென்னி லீ அமைச்சராக இருந்து விடாப்பிடியாக அதை நடத்திக்காட்டினார். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 1969இல் சாசனம் கிடைத்தது. 1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவர்களோடு பாடம் தொடங்கியது. முன்தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. விதியின் குறும்பு, அதே ஜனவரி 20ஆம் நாள் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கி மார்ச் 8 வரை நீடித்தது! தபாலை நம்பிப் பிறந்த பல்கலைக்கழகத்துக்குப் பிறந்த மாதத்திலேயே தபால் இல்லை.

அங்கே பாடம் எழுதப்பட்ட முறை கவனத்துக்குரியது. தனி ஒருவர் எழுதுவதில்லை. ஆசிரியர்கள், பதிப்பாளர்கள், பிபிசி தயாரிப்பாளர்கள் சேர்ந்த பாடக்குழு வரைவுகளை எழுதி, சண்டையிட்டு, திருத்தி, மறுபடியும் எழுதும். மாணவரின் கட்டுரையைத் திருத்த ஓர் ஆசிரியர் உண்டு. மதிப்பெண் மட்டுமல்ல, விளக்கமான குறிப்பும் எழுதவேண்டும் அவர். என் அஞ்சல்வழிப் படிப்பில் விடைத்தாள்கள் போன இடமே தெரியாமல் போயின என்பதை நினைக்கையில் சற்றுப் பொறாமையாக இருக்கிறது. அறிவியல் மாணவர்களுக்குச் சோதனைக் கருவிகளையும் சிறு நுண்நோக்கியையும் பெட்டியில் வைத்து வீட்டுக்கே அனுப்பினார்கள். புவியியலுக்கு எதை அனுப்புவது? அங்கே அது சமூக அறிவியல் புலத்துக்குள் இருந்தது. முதல் சில பத்தாண்டுகளில் பட்டத்தில் பாடத்தின் பெயரே இடம்பெறாது, வெறும் இளங்கலைதான்.

1982இல் அங்கே புவியியல் பேராசிரியராகச் சேர்ந்தார் டொரீன் மேஸி. மான்செஸ்டரின் தெற்கே விதின்ஷா என்ற நகராட்சிக் குடியிருப்பில் வளர்ந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 2009இல் ஓய்வுபெறும்வரை திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை விட்டுப் போகவில்லை. 1991இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் லண்டனின் கில்பர்ன் நெடுஞ்சாலையில் நடந்து போகிறார். ஐரிஷ் செய்தித்தாள் விற்கும் கடை, கண்ணாடிக்குப் பின்னால் சேலை உடுத்திய பொம்மைகள், தலைக்கு மேலே ஹீத்ரோவுக்கு இறங்கும் விமானம். இந்த ஒரு தெருவை விளங்கிக்கொள்ள உலகத்தில் பாதியையும் பேரரசின் வரலாற்றையும் இழுத்துவர வேண்டியிருக்கிறது என்பதே அவர் வாதம். ஓர் இடத்தின் தனித்தன்மை அதன் வேலிக்குள் இல்லை. வெளியோடு அதற்குள்ள உறவுகளில் இருக்கிறது.

தபாலில் படிக்கும் மாணவருக்கு இது என்ன செய்கிறது என்று பாருங்கள். மெக்கிண்டரின் விளக்கு தொலைநிலத்தை மாணவனிடம் கொண்டுவந்தது. மேஸியின் புவியியலோ மாணவரை எழுப்பி அவர் வீட்டு வாசலுக்கு அனுப்புகிறது. ஆயிரம் மாணவர்கள் ஆயிரம் தெருக்களில் இருப்பது இங்கே குறையல்ல, அதுவே ஆய்வுக்களம். ஒரே வகுப்பறையில் கூடியிருந்தால் அவர்களுக்கு ஒரு தெருதான் கிடைத்திருக்கும். தமிழ் படித்தவனுக்கு இன்னொன்றும் தோன்றும். நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். 2005இல் வந்த தம் நூலில் மேஸியும் இடத்தைக் காலத்திலிருந்து பிரித்து உறைந்த பரப்பாகப் பார்ப்பதைத்தான் எதிர்த்தார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்லும் ஆசையை எங்கள் துறையில் அடக்கிக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் இந்த வழியில் கற்றுவிடலாம் என்பதும் பொய். ஆற்றின் வேகத்தை அளக்க ஆற்றில் இறங்கவேண்டும். பாறையடுக்கைக் காட்ட அருகில் ஒருவர் நிற்கவேண்டும். அதற்காகத்தான் ஒருவாரக் கோடைப் பள்ளிகள் இருந்தன. பின்னாளில் அவை பெரும்பாலும் கைவிடப்பட்டன. பின்னிரவு ஒளிபரப்பு 2006 டிசம்பரோடு நின்றது. 2012இல் இங்கிலாந்தில் கட்டணம் கடுமையாக உயர்ந்ததும் பகுதிநேர மாணவர் எண்ணிக்கை சரிந்தது. தபால் நின்ற ஆண்டில் தாக்குப்பிடித்த நிறுவனத்தைக் கட்டணம் அசைத்துப் பார்த்தது.

மேஸி 2016இல் காலமானார். அவரும் பேட் ஜெஸ்ஸும் தொகுத்த 1995ஆம் ஆண்டுப் பாடநூல் ஒன்றின் பழைய பிரதி, பழம்புத்தகக் கடை ஒன்றில் எனக்குக் கிடைத்தது. பயிற்சி ஒன்றின் ஓரத்தில் முகமறியாத அந்த மாணவர் பென்சிலால் தம் தெருவைக் குறித்திருக்கிறார்: மூடப்பட்ட ஆலை, துருக்கியர் ரொட்டிக்கடை, பேருந்துப் பணிமனை, அம்மாவின் வீடு. கடைசிச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடுகள்.