சார், கூடப் போனவங்க என்ன ஆனாங்க?



தைவானில் எடுத்த படங்களைப் போன வாரம் போட்டதும் ஆளாளுக்கு ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "சார், அந்த மூங்கில் கூடைக்குள்ள இருக்கிறது கொழுக்கட்டையா, மோமோவா?" மூத்த அக்கா மட்டும் போனிலேயே கூப்பிட்டு, "உள்ளே என்ன கறி? உண்மையைச் சொல்லு" என்று கேட்டுவிட்டாள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். ஐந்து மார்க் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியவர்களை நான் திட்டியதுண்டு. இன்று நீங்கள் என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

நீளமாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. 1980களின் கடைசியில் ஒரு நாள் எட்டாம் வகுப்பில் பேச்சு சீனப் புரட்சியின் பக்கம் போனது. "1949ல் மா சே துங் வென்றார். தோற்றுப்போன சியாங் கை ஷேக் தைவான் தீவுக்கு ஓடிப்போனார்" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, "சார், கூடப் போனவங்க என்ன ஆனாங்க?" என்றான். மணி அடிக்கிற நேரம். "அது பரீட்சைக்கு வராதுடா, உட்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியாது என்பதுதான் உண்மை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

இனி தைவானுக்கு வருவோம். சின்ன மகளும் மருமகனும் ஷின்ச்சு என்ற ஊரில் இருக்கிறார்கள். மருமகனுக்கு அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அந்த ஊரில் ஆராய்ச்சி செய்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைத் தலைநகர் தைபேக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போனார்கள். ஷின்யி சாலையில் 'டின் தாய் ஃபங்' என்று ஒரு சாப்பாட்டுக் கடை. உலகத்தில் பல நாடுகளில் கிளை வைத்திருக்கிற கடை, ஆனால் ஆரம்பித்த இடம் இந்தச் சாலைதான். பழைய சின்னக் கடையில் இப்போது பார்சல் மட்டும் தருகிறார்கள். உட்கார்ந்து சாப்பிடச் சற்றுத் தள்ளிப் பெரிய கடை இருக்கிறது.

வாசலில் கூட்டம். நம் ஆஸ்பத்திரியில் தருவது மாதிரி ஒரு சீட்டில் எண் போட்டுத் தந்தார்கள். எண் பலகையில் வரும்வரை வெளியே நிற்க வேண்டும். எங்களுக்கு முன்னால் இருந்த எண்களைக் கணக்குப் போட்ட என் மனைவி, "இதுக்கு வீட்டிலேயே மாவு அரைச்சு ஊத்தி முடிச்சிருப்பேன்" என்றாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்ததும் நான் பக்கத்துத் தெருக்களைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினேன். அங்கேதான் என் பாடம் ஆரம்பித்தது.

வாத்தியார் புத்தி, பெயர்ப்பலகை எதையும் விடாது. யொங்காங் தெரு, லிஷுய் தெரு, ஜின்ஹுவா தெரு, சிங்தியான் தெரு. மருமகனைக் கேட்டால், "எல்லாம் சீனாவில் ஜெஜியாங் மாகாணத்து ஊர்ப் பெயர்கள், மாமா" என்றார். இந்தத் தீவை 1895 முதல் 1945 வரை ஐம்பது வருடம் ஜப்பான் ஆண்டது. ஜப்பான் போனதும் வந்த சீன அரசு, 1947ல் தைபேயின் ஜப்பானியத் தெருப் பெயர்களை மாற்றியது. எப்படி? சீனாவின் வரைபடத்தை நகரத்தின் மேல் விரித்து வைத்தது மாதிரி. சீனாவின் வடமேற்கு ஊர்ப் பெயர்கள் தைபேயின் வடமேற்கே, திபெத்தின் பெயர் தென்மேற்கே, கிழக்குக் கரையோர ஊர்கள் இந்தப் பக்கம். பெயர் வைத்தபோது அந்த ஊர்களில் பெரும்பாலானவை அவர்கள் கையில்தான் இருந்தன. இரண்டே வருடத்தில் சீனா முழுவதும் கைவிட்டுப் போனது. தெருக்களில் பெயர் மட்டும் தங்கிவிட்டது. பிறந்த ஊரைத் தொலைத்தவர்கள் அதே ஊரின் பெயர் கொண்ட தெருவைத் தாண்டித் தினமும் கடைக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு இதோ கணக்கு. சுமார் 60 லட்சம் பேர் இருந்த தீவுக்கு, 1940களின் கடைசியில் 12 லட்சத்திலிருந்து 20 லட்சம் பேர் வரை வந்து இறங்கினார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். எல்லோரும் தலைவர்களோ தளபதிகளோ அல்ல. சிப்பாய்கள், குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், சமையல்காரர்கள், படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். முதல் வருடம் தயாராவோம், அடுத்த வருடம் எதிர்த்து அடிப்போம், ஐந்தாவது வருடம் வென்றுவிடுவோம் என்று சியாங் கை ஷேக் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம் என்று தற்காலிகக் குடியிருப்புகளில் இருந்தார்கள். சாதாரணச் சிப்பாய்கள் பலருக்குக் கல்யாணம் செய்துகொள்ளவும் அனுமதி கிடையாது. ஊருக்கு நேரடித் தபால் கிடையாது. கடிதம் போவதென்றால் ஹாங்காங் மாதிரி மூன்றாவது இடத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். சொந்த ஊருக்குப் போய் உறவைப் பார்க்கலாம் என்று அரசு அனுமதித்தது 1987 நவம்பரில். அதாவது 38 வருடம். இருபது வயதில் அம்மாவை விட்டு வந்தவன் ஐம்பத்தெட்டு வயதில் திரும்பிப் போய் யாரைப் பார்த்திருப்பான்?

வந்தவர்கள் பட்ட பாட்டை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி வரலாறு. தீவில் ஏற்கெனவே இருந்தவர்கள் பட்டது வேறு. 1947 பிப்ரவரி 27 மாலை, வரி கட்டாத சிகரெட் விற்ற ஒரு பெண்ணை அதிகாரிகள் அடித்ததில் தொடங்கியது கலவரம். அடுத்த நாட்களில் தீவு முழுக்கப் பரவியது. சீனாவிலிருந்து படை வந்து அடக்கியது. இறந்தவர்கள் 18,000 முதல் 28,000 வரை இருக்கலாம் என்று பிற்காலத்தில், 1992ல், அரசே கேட்டு வாங்கிய அறிக்கை சொல்கிறது. அதன் பிறகு 1949லிருந்து 1987 வரை ராணுவச் சட்டம். பல வீடுகளில் இறந்தவர் பெயரைச் சத்தமாகச் சொல்லவே பயந்தார்கள். அகதியாக வந்த ஏழைச் சிப்பாயும் அடக்க வந்த அதிகாரியும் தீவுக்காரன் கண்ணுக்கு ஒரே கூட்டமாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அது அரிசித் தீவு. மாவுப் பண்டம் அங்கே இத்தனை பரவ இரண்டு காரணம். ஒன்று, வந்தவர்களில் வடசீனர்களுக்குக் கோதுமைதான் சோறு. குடியிருப்பில் ஒரு வீட்டில் சிச்சுவான் மிளகாய் விழுது மணக்கும், அடுத்த வீட்டில் ஷான்டோங் ரொட்டி வேகும். இரண்டாவது காரணம் அமெரிக்கக் கப்பல். 1951லிருந்து 1965 வரை ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டாலர் அளவுக்கு அமெரிக்க உதவி வந்தது, அதில் கோதுமையும் மாவும் நிறைய. மாவு தீர்ந்ததும் சாக்குத் துணியில் பிள்ளைகளுக்கு ஜட்டி தைத்துப் போட்டார்களாம். இரண்டு கை குலுக்குகிற படமும் "நிகர எடை 22 கிலோ" என்ற எழுத்தும் பின்பக்கத்தில் தெரிய ஓடிய தலைமுறை இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது. என் வயதுக்காரர்களுக்குச் சிரிப்போடு வேறொன்றும் ஞாபகம் வரும். நாம் பள்ளியில் தட்டேந்தி நின்று வாங்கிச் சாப்பிட்ட அந்த மஞ்சள் உப்புமாவும் அமெரிக்கக் கப்பலில் வந்ததுதானே!

யாங் பிங் யி என்பவர் 1927ல் வடசீனாவின் ஷான்சி மாகாணத்தில் பிறந்தவர். 1948ல், இருபத்தொரு வயதில், தைவானுக்கு வந்தார். கிடைத்த வேலை, ஹெங் தாய் ஃபெங் என்ற எண்ணெய்க் கடையில் வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போடுவது. அங்கேயே வேலை பார்த்த லாய் பென் மெய் என்ற பெண்ணை மணந்தார். அவர் ஹக்கா இனத்தவர். வந்தேறிக்கும் தீவுக்காரருக்கும் ஆகாது என்றிருந்த காலத்தில் இது சாதாரணக் கல்யாணம் இல்லை என்று நான் நினைக்கிறேன். அந்த முதலாளி நொடித்துப்போனதும், 1958ல் இருவரும் சொந்தமாக எண்ணெய்க் கடை போட்டார்கள். எண்ணெய் கொடுத்த டிங் மெய் கடையிலிருந்து 'டிங்', பழைய முதலாளி கடையிலிருந்து 'தாய் ஃபெங்'. சரக்குக் கொடுத்தவர் பெயரும் சோறு போட்டவர் பெயரும் சேர்ந்ததுதான் இன்று உலகம் முழுக்கப் பலகையில் தொங்குகிறது.

பாட்டிலைக் கொண்டுவா, அளந்து ஊற்றுகிறேன் என்கிற வியாபாரம். நம் ஊர்ச் செக்குக் கடை மாதிரியே. 1970களில் டின்னில் அடைத்த எண்ணெய் வந்தது, கடையில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. நம் செக்குக் கடைகளைப் பாக்கெட் எண்ணெய் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஷாங்காய்ச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த நண்பர் ஒருவர், பாதிக் கடையில் சியாவ்லாங்பாவ் போட்டுப் பாரேன் என்று யோசனை சொன்னார். 1972ல் ஒரு பாதியில் எண்ணெய், மறுபாதியில் ஆவி. கொஞ்ச நாளில் எண்ணெய்ப் பாதி இல்லாமலே போனது. 1993ல் நியூயார்க் டைம்ஸ் உலகின் தலைசிறந்த பத்து உணவகங்களில் ஒன்றாக இதை எழுதியது. 1996ல் டோக்கியோவில் முதல் வெளிநாட்டுக் கிளை. யாங் 2023 மார்ச்சில், 96 வயதில் காலமானார்.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் விடாமுயற்சிக் கதையாக அனுப்புவார்கள். முயற்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சியாவ்லாங்பாவ் ஷாங்காய்க்குப் பக்கத்தில் நான்சியாங் என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டில் பெயர்பெற்ற பண்டம். யாங் அந்தப் பக்கத்துக்காரர் இல்லை, அவர் மனைவியும் இல்லை. யாரோ சில லட்சம் பேர் ஊர் நினைப்பில் இருந்த நகரத்தில், வேறொருவர் ஊர்ப் பண்டத்தை இந்த இருவரும் விற்றார்கள். வாங்க ஆள் இருந்ததே அந்த 1949ஆம் வருடக் கப்பல்களால்தான்.

எங்கள் எண் வந்தது. உள்ளே நுழைந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் சமையல்கட்டு. வெள்ளைத் தொப்பியும் முகக்கவசமும் போட்ட பிள்ளைகள், ஆபரேஷன் தியேட்டர் மாதிரி. ஒன்றுக்கு மாவு 5 கிராம், பூரணம் 16 கிராம். தராசில் நிறுத்துத்தான் வைக்கிறார்கள். மாவு அரைப் பவுனைவிடக் கொஞ்சம்தான் கூட. நம் வீட்டில் சோமாசி ஓரத்தை மடிப்பது போல விரலால் மடித்து மடித்து மேலே கொண்டுவந்து முடிகிறார்கள். சரியாக 18 மடிப்பு. நான் எண்ணிப் பார்த்தேன்; பழக்கதோஷம்.

உள்ளே குழம்பு எப்படிப் போனது என்பதுதான் எல்லோரும் கேட்பது. ஊசி போட்டு ஏற்றுவதில்லை! ஆட்டுக்கால் பாயாவை ராத்திரி வைத்துவிட்டு மறுநாள் காலையில் பார்த்தால் கட்டியாக உறைந்திருக்கும் அல்லவா? அதேதான். தோலைக் கொதிக்க வைத்து எடுத்த சாற்றை ஆறவிட்டால் உறைந்துவிடும். அதை நறுக்கிக் கறியோடு பிசைந்து உள்ளே வைத்து மூடுகிறார்கள். ஆவியில் வேகும்போது கட்டி உருகிக் குழம்பாகிவிடும், தோல் மெல்லியதாக அப்படியே நிற்கும்.

ஒரு பங்கு சோயா சாஸுக்கு மூன்று பங்கு வினிகர், அதில் இஞ்சித் துருவல். (யாங் பிறந்த ஷான்சி வினிகருக்குப் பேர்போன இடம்.) குச்சியால் மெல்லத் தூக்கி, தொட்டு, கரண்டியில் வைத்து, ஓரத்தில் ஒரு ஓட்டை போட்டு, குழம்பு வடிந்ததும் குடித்துவிட்டு மீதியைச் சாப்பிட வேண்டும். நான் அவசரப்பட்டு முழுசாக வாயில் போட்டேன். மேலண்ணத்தில் கொப்புளம். பேத்தி கைகொட்டிச் சிரித்தாள். என் மனைவி காளானும் காய்கறியும் வைத்த சைவ வகையை வாங்கி, நிதானமாக ஆறவைத்து, ஒரு சேதமும் இல்லாமல் சாப்பிட்டு முடித்தாள். பீர்க்கங்காயும் இறாலும் வைத்ததுகூட உண்டு, அது மருமகனுக்கு.

அக்கா, உன் கேள்விக்குப் பதில்: ஆமாம், பன்றிக் கறிதான். நம் வீட்டில் பழக்கமில்லை, தெரியும். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு கதை கேட்டுவிட்டு, கதை எதிலிருக்கிறதோ அதை விட்டுவிட்டு வர மனமில்லை. ஐந்து சாப்பிட்டேன். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை நீயும் நானும் பொங்கலுக்குப் பேசிக்கொள்வோம்.

பின்வரிசைப் பையனே, உன் பெயர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, சபையில் எழுதவில்லை. இதைப் படித்தால் கமெண்டில் வேண்டாம், போனில் கூப்பிடு. எண் பழைய எண்தான். காலை பத்து மணிக்கு மேல் கூப்பிட்டால் நல்லது. அதற்கு முன் ரேஷன் கடை, கரண்டு பில் என்று ஏதாவது அலைச்சல் இருக்கும்.