வானத்துத் தீவுகள் – 6: சிறகிருந்தும் கடக்காத கடல்

சென்ற வாரம் இரண்டு பறவைகளோடு நிறுத்தியிருந்தோம். ஒன்று நீலகிரிச் சோலைப் பறவை, மற்றது பழனிமலைச் சோலைப் பறவை. இரண்டுக்கும் முதுகில் அதே கருநீலம், அதே நீண்ட கால், புதரடியில் தத்தித் திரியும் அதே நடை. வயிறு மட்டும் வேறு. நீலகிரிப் பறவைக்குச் செம்பழுப்பு, பழனிப் பறவைக்கு வெள்ளை. அக்கா தங்கை போல இருக்கும் இவற்றை இரண்டு வீட்டுப் பிள்ளைகளாகப் பிரித்தது யார்?

இதற்கு விடை தேட மலையேற வேண்டாம். கிணத்துக்கடவு வரை வந்தால் போதும்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் பொன்மலை வேலாயுதசாமி கோயில் படியேறி நின்று பாருங்கள். தெற்கே ஆனைமலை சுவர் எடுத்தது போல நிற்கும். வடமேற்கே வெள்ளியங்கிரி, அதற்குப் பின்னால் நீலகிரி. நடுவில் தென்னந்தோப்பும் சாலையும் ஊர்களுமாகக் கிடக்கிறதே, இந்தத் தரைதான் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசல். கணவாயின் அகலம் 30 முதல் 40 கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில் இதைவிட அகலமான, ஆழமான இடைவெளி வேறு இல்லை. ஆடியில் உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று இந்த வழியாகத்தான் வருகிறது. கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயில் ஒரு சுரங்கம்கூட இல்லாமல் போய்ச் சேர்வதும் இதனால்தான்.

நமக்கு இது வழி. அந்தப் பறவைக்கு இது கடல்.

முப்பது கிலோமீட்டரைப் பறந்து கடக்கச் சிறகுள்ள பிராணிக்கு என்ன தடை என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அது வாழும் இடத்தைப் பார்த்தால் கேள்வியே மாறிவிடும். சோலை என்பது மலை மடிப்புகளில், பெரும்பாலும் 1,400 மீட்டருக்கு மேலே, பாசி படர்ந்த குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும் ஈரக்காடு. உச்சி வேளையிலும் உள்ளே அந்தி போல இருக்கும். அந்த இருட்டில், இலைச்சருகுக்கு ஒரு முழம் மேலே, இந்தப் பறவையின் வாழ்நாள் கழிகிறது. சிறகு குட்டை, அறிவியலார் நெடுங்காலம் இதை இமயமலையின் குட்டைச்சிறகுப் பறவைகளோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். கோவைச் சமவெளியின் உயரமோ 400 மீட்டர் சொச்சம். வெயிலும் வறட்சியும் முள்ளும் உள்ள தரை. சோலை நிழலை விட்டு அங்கே இறங்குவது அதற்குக் கட்டுமரமில்லாமல் கடலில் இறங்குவதுதான்.

முதலில் இந்தப் பறவைகளை எழுதிவைத்தவர்களைச் சொல்லியாக வேண்டும். கம்பெனி மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் 1839-இல் நீலகிரிச் சிரிப்பான் என்ற இன்னொரு பறவைக்குப் பெயர் வைத்தார். நீலகிரியின் நீலப் பறவையை 1840-களில் பதிந்தார். தெற்கே, அமெரிக்க மிஷனரியான சாமுவேல் ஃபேர்பேங்க் பழனிமலையில் சேகரித்த பறவைகள் நிலவியலாளர் வில்லியம் பிளான்ஃபோர்டின் கைக்குப் போயின. வெள்ளை வயிற்று நீலப் பறவைக்கு 1868-இல் பெயர் வந்தது. மறு ஆண்டே பழனிமலைச் சிரிப்பானுக்கு ஃபேர்பேங்கின் பெயரையே பிளான்ஃபோர்ட் சூட்டினார். கவனியுங்கள்: கணவாய்க்கு வடக்கே ஒரு நீலப் பறவை, ஒரு சிரிப்பான். தெற்கேயும் ஒரு நீலப் பறவை, ஒரு சிரிப்பான். ஒரு ஜோடியென்றால் தற்செயல் எனலாம். இரண்டாவது ஜோடி வந்தபின் அப்படிச் சொல்ல முடியாது.

ஆனாலும் தடயத்தை உறுதிசெய்ய ஒன்றரை நூற்றாண்டு ஆனது. வி.வி. ராபினும் அவருடன் உழைத்தவர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒன்பது இடங்களில் வலை கட்டினார்கள். 23 இனங்கள், 356 பறவைகள். அவற்றின் மரபணுவை ஒப்பிட்டு 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். 23-இல் 10 இனங்களுக்கு, மிகப் பழைய பிரிவு பாலக்காட்டுக் கணவாயில் விழுந்திருந்தது. அந்தப் பத்தில் சில, குறுகலான பள்ளத்தாக்குகளில் பின்னாளில் மறுபடியும் பிரிந்திருந்தன. பெரிய கடல் முதலில் பிரித்தது, சிறிய கடல் பிறகு.

2017-இல் அடுத்த செய்தி வந்தது. அந்த நீலப் பறவைகள் இமயமலைக் குட்டைச்சிறகுகளுக்கு நெருங்கிய உறவு இல்லை. அவை ஈப்பிடிப்பான் குடும்பத்தில் தனிக் கிளை. உலகில் வேறெங்கும் இல்லாத கிளை. அதற்கு வைத்த பேரினப் பெயர் ‘ஷோலிகோலா’. சோலையில் வாழ்வது என்று பொருள். நம் ‘சோலை’ லத்தீன் உடுத்திக்கொண்டு உலக அறிவியலுக்குள் நுழைந்ததைப் படித்த அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சி கொஞ்சமில்லை.

தீவு உயிரை உருவாக்கும் விதம் இதுதான். ஒரு கூட்டம் இரண்டாகிறது. போக்குவரத்து நின்றுபோகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் வரும் சிறு மாற்றங்கள் அந்தந்தப் பக்கத்திலேயே சேர்கின்றன. மறுபக்கத்து ரத்தம் கலந்து அவற்றைக் கரைக்க வழியில்லை. வயிறு வெளுக்கிறது, பாட்டு மாறுகிறது. என்றோ ஒரு நாள் எதிரெதிரே நிறுத்தினாலும் இணைசேராத இரண்டு இனங்கள் ஆகிவிடுகின்றன. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டிலும் கணவாய்க்கு வடக்கே ஒரு மரபணு வழி, தெற்கே இன்னொன்று. பறவை கடக்காததைக் குளம்பு கடக்குமா?

தீவுத் தனிமையின் விலையைப் பார்க்க இப்போது மொரீஷியசுக்கு ஒரு நடை. பின்னாளில் நம்மவர்கள் கப்பலேறிப் போய்க் கரும்பு வெட்டிய அதே மண்தான். அங்கே டோடோ என்றொரு பறவை இருந்தது. அது உண்மையில் புறா வகை. இன்றுள்ளவற்றில் அதன் நெருங்கிய சொந்தம் நம் நிக்கோபார் புறா. தீவில் துரத்த மிருகம் இல்லை, ஆகவே பறக்கத் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாகச் சிறகு சுருங்கி உடல் பெருத்தது. தரையிலேயே முட்டை. 1598-இல் டச்சுக்காரர்கள் இறங்கினார்கள். அவர்களோடு பன்றியும் எலியும் குரங்கும் இறங்கின. டோடோவை நம்பத்தகுந்த வகையில் கடைசியாகக் கண்ட ஆண்டு 1662. அறுபத்து நான்கு ஆண்டுகளில் கதை முடிந்தது. அதைத் தனிப்பிறவியாக்கிய தனிமையே, ஓடத் தெரியாததாகவும் ஒளியத் தெரியாததாகவும் வைத்திருந்தது.

நம் வானத்துத் தீவுகளில் கப்பல் எப்போது கரை தட்டியது? அதற்குத் தேதி உண்டு. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி ஏறினார். பின்னாலேயே உருளைக்கிழங்கு வந்தது, தேயிலை வந்தது, ஆஸ்திரேலியாவின் சீகை மரமும் கற்பூர மரமும் வந்தன. சோலையைச் சுற்றியிருந்த புல்வெளி வெள்ளையர் கண்ணுக்கு வெறும் தரிசு. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தக் கண் மாறவில்லை. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும், சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கற்பூர மரம் வேண்டும் என்று நாமே நட்டோம். கொங்குநாட்டில் நூலும் துணியும் செழித்த கதையைப் பெருமையாகப் பேசுகிறோம். அந்தக் கணக்கில் இந்தப் புல்வெளியையும் எழுத வேண்டும். பழனிமலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. சீகையை வெட்டினாலும் விதை மண்ணுக்குள் பல்லாண்டு காத்திருந்து முளைக்கிறது. புல்லை மேய்ந்து வாழும் வரையாட்டுக்கு அந்தக் காட்டுக்குள் இரையில்லை. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எண்ணப்பட்ட வரையாடுகள் 1,303. பொள்ளாச்சிச் சந்தைக்கு ஒரே நாளில் வரும் மாடுகளை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் சிறுமை புரியும்.

எண்ணிக்கை சிறிதென்றால் ஒரு நோய், ஒரு தீ, ஒரு பொய்த்த மழைகூடப் போதும். கண்டத்தில் வாழும் உயிர் பக்கத்து மாவட்டத்துக்குப் போகும். தீவு உயிர் எங்கே போகும்? வெப்பம் ஏற ஏறச் சோலை உயிர்கள் மேலே ஒதுங்க வேண்டும். மலையோ மேலே போகப் போகக் கூம்பும். தொட்டபெட்டாவின் உச்சி 2,637 மீட்டர். அதற்கு மேல் வானம்தான்.

இதுவரை சொன்ன வானத்துத் தீவுகளெல்லாம் கணவாய் பிரித்தவை. ஆனால் இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒரு பிராணி இருக்கிறது.

ஆண்டு முழுவதும் மண்ணுக்கடியில் கிடந்து, மழைக்காலத்தில் சில நாள் மட்டும் இனம்பெருக்க வெளியே வரும் ஊதாநிறத் தவளை. 2003-இல் இடுக்கியிலிருந்து உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 2017-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பக்கம் அதற்கொரு உடன்பிறப்பு அறிவிக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் பூபதியின் நினைவாக. கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றி, 2014-இல் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிர்விட்ட சுப்பிரமணியம் பூபதி.

அந்தத் தவளைக்குச் சொந்தம் தேடினார்கள். நீலகிரியில் இல்லை, இமயத்தில் இல்லை, இலங்கையில் இல்லை. ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால், செஷல்ஸ் தீவுகளின் மலைக்காட்டில் சில சின்னஞ்சிறு தவளைகள் அகப்பட்டன. இரண்டும் ஒரே வம்சம்.

உப்புநீர் தவளையின் தோலுக்கு ஆகாது. அது நீந்தி வந்திருக்க முடியாது. மரக்கட்டையில் மிதந்தும் வரவில்லை. அது தன் மண்ணை விட்டு அசையவே இல்லை. அசைந்தது வேறொன்று.

(அடுத்த வாரம்)