காணாமல் போனவர்களின் பதிவேடு

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது, வீட்டுக்குள்ளேயே சாரல் காற்று வருகிறது. வெளியே போக முடியாத நேரத்தில் எழுதியது, அதனால் கொஞ்சம் நீளம்.

நம் பிள்ளைகள் சிலர் மத்தளம்பாறையில் ஜோஹோவில் வேலை பார்க்கிறார்கள். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாறி, 2011-இல் தென்காசிப் பக்கம் வந்த நிறுவனம். அதற்கு மேனேஜ்இன்ஜின் என்று ஒரு பிரிவு உண்டு. பெரிய அலுவலகங்களின் கணினித் துறைகளுக்கான மென்பொருள்களை அது செய்கிறது. அதில் ஒன்றின் பெயர் ஏடி செல்ஃப்சர்வீஸ் பிளஸ். ஊழியர் பாஸ்வேர்டை மறந்துவிட்டால், யாரையும் கெஞ்சாமல் தாமே மாற்றிக்கொள்ள உதவுவது. (எமிஸ் தளத்தோடு மல்லுக்கட்டிய ஆசிரியர்களுக்கு இதன் அருமை தெரியும்.) இந்த மென்பொருள் மத்தளம்பாறையில் உருவானது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நம்மூர்ப் பெயரோடு சேர்ந்த நிறுவனம் என்பதால் இந்த வரலாறு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு முதலில் ஜெனீவாவுக்குப் போக வேண்டும்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும், பிடிபட்ட வீரர்களைத் தேட செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு அங்கே ஒரு முகமை தொடங்கியது. ராத் அருங்காட்சியகக் கட்டடத்தில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை எழுதி அகரவரிசையில் அடுக்கினார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்தும் அங்கே வேலை செய்தார். ஏறக்குறைய 70 லட்சம் அட்டைகள், சுமார் 20 லட்சம் கைதிகள். ஒரு தாய் கடிதம் எழுதினால், யாரோ ஒருவர் எழுந்து போய் அட்டையைத் தேடி எடுப்பார். சேர்க்கைப் பதிவேட்டில் பழைய மாணவனின் பெயரைத் தேடி எடுத்தவர்களுக்கு அந்த வேலை புரியும். அந்த அட்டைகளைத் திருட நினைப்பவன் ஜெனீவாவுக்கே வந்து, வாசல் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டும்.

அந்தத் தேடும் பணி நிற்கவே இல்லை. இலங்கையிலும் 1989 முதல் அதே குழு இருக்கிறது. போரில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி 16,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அங்கே பதிவு செய்திருக்கிறது. அதற்குப் பின்னால் எத்தனை தமிழ்த் தாய்மார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு அட்டைகளின் இடத்தில் கணினி வந்தது. பதிவேட்டைத் திறக்க ஜெனீவாவுக்குப் போக வேண்டாம், எங்கிருந்தும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் போதும் என்றானது. 

2021 செப்டம்பரில் ஏடி செல்ஃப்சர்வீஸ் பிளஸில் ஓர் ஓட்டை வெளியே தெரிந்தது. CVE என்ற உலகப் பட்டியலில் அதன் எண் 2021-40539. உள்ளே அனுப்பும் இணைய முகவரியைக் கொஞ்சம் திரித்து எழுதினால், பெயரும் பாஸ்வேர்டும் கேட்காமலே அது உள்ளே விட்டுவிட்டது. இருந்திருந்து பாஸ்வேர்டைக் காக்கிற மென்பொருளிலேயே இப்படி! செப்டம்பர் 6-ஆம் தேதி நிறுவனம் பேட்ச் வெளியிட்டது. 16-ஆம் தேதி எஃப்பிஐ உள்ளிட்ட அமெரிக்க அமைப்புகள், இந்த வழியாக ஏற்கெனவே ஆட்கள் நுழைகிறார்கள் என்று எச்சரித்தன. நுழைந்தவர்கள் சான்றிதழ்க் கோப்பு போல வேடமிட்ட ஒரு நிரலை வைத்துவிட்டு வருவார்களாம்.

நவம்பர் 9-ஆம் தேதி அதே வழியாகச் செஞ்சிலுவைக் குழுவின் கணினிகளுக்குள் புகுந்தார்கள். பேட்ச் வந்து இரண்டு மாதம் ஆகியும் அங்கே போடப்படவில்லை. 

உள்ளே போனவர்கள் அட்மின்களின் அடையாளத்தைத் திருடி, அட்மின் போலவே நடமாடினார்கள். தகவல்கள் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தன, இருந்தும் பலனில்லை. என்கிரிப்ஷன் அந்நியனைத்தான் தடுக்கும். சாவி வைத்திருப்பவன் முகத்தோடு வருகிறவனுக்கு அதுவே திறந்துகொடுக்கும். பீரோ எவ்வளவு கனமாக இருந்தால் என்ன, வந்தவர் தலைமையாசிரியர்தான் என்று நம்பிவிட்டால்? இந்த வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்கவைத்த இடம் இதுதான்.

70 நாள் கழித்து, 2022 ஜனவரி 18 அன்றுதான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் 5,15,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரம் அந்நியர் கைக்கு எட்டியிருந்தது. போரில் சிதறிய குடும்பங்கள், காணாமல் போனவர்கள், சிறையில் இருப்பவர்கள். உலகின் 60 நாட்டுச் சங்கங்கள் சேகரித்துக் கொடுத்த பெயர்கள். சிலர் யாரிடமிருந்து ஒளிந்திருக்கிறார்களோ, அவர்களிடமே அந்தப் பட்டியல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கணினிகளை நிறுத்திவைத்ததால் தேடும் பணியும் முடங்கியது. சராசரியாக நாளுக்கு 12 பேரைக் குடும்பத்தோடு சேர்த்துவைத்த பணி அது.

யார் செய்தார்கள் என்று குழு சொல்லவில்லை. பணம் கேட்டு மிரட்டலும் வரவில்லை. இந்தத் தகவலை விற்காதீர்கள், வெளியிடாதீர்கள் என்று அதன் இயக்குநர் ராபர்ட் மார்டினி திருடர்களிடமே பகிரங்கமாக வேண்டினார்.

ஓட்டை இருந்தது மென்பொருள் செய்தவர் பொறுப்பு. மருந்து வந்தும் போடாதது செஞ்சிலுவைக் குழுவின் பொறுப்பு. பிப்ரவரி 16 அன்று குழு அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டது, எந்த ஓட்டை என்று எண்ணோடு சொன்னது. இந்த நேர்மையை நான் மதிக்கிறேன்; நம் நாட்டு அலுவலகங்கள் பலவற்றில் முதல் நாள் மறுப்பு அறிக்கைதான் வரும். பிறகு பாஸ்வேர்டோடு இரண்டாவதாக ஒரு சரிபார்ப்பையும் கட்டாயமாக்கி, கணினிகளை மீண்டும் இயக்கினார்கள்.

மத்தளம்பாறையில் இருக்கும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் ஒரு பேட்ச் அனுப்பிய பிறகு, எதிரில் இருப்பவர் அதைப் போட்டாரா இல்லையா என்று உங்களுக்குத் தெரியவருமா? தெரிந்தவர்கள் எனக்குப் புரிகிற மாதிரி கீழே எழுதுங்கள். நிறுவன ரகசியம் எதுவும் வேண்டாம்.