சாமைக் கூழும் ஒடியல் கூழும்

ஜவ்வாது மலைச் சாமையையும் யாழ்ப்பாணத்து ஒடியலையும் யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. சாமை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களைத் தொட்டுக் கிடக்கும் மலையில் மலையாளிப் பழங்குடியினர் மானாவாரியாக விளைவிப்பது. ஒடியல், பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்து முளைக்கவிட்டு, கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவைத்தது. ஆனால் இரண்டையும் காய்கறியோடு கூழாக்கிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சாமைக் கூழைக் கெட்டியாக்குவது தானியம். பல்லில் படுவது கிழங்கு. ஒடியல் கூழைக் கெட்டியாக்குவது கிழங்கு மாவு. அதில் தானியமாக விழும் அரிசி ஒரு கைப்பிடிதான். செய்முறை மாறுவதெல்லாம் இதனால்தான்.

மலையில் சாமையைச் சோறாக்கிக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவார்கள், கஞ்சியும் காய்ச்சுவார்கள். கிழங்கோடு ஒரே பானையில் போடுவது என் ஏற்பாடு. மலையின் பாரம்பரியம் என்று அதற்குப் பட்டம் கட்ட மாட்டேன். கைப்பிடி துவரையோ அவரைக்கொட்டையோ முதலில் குழைய வேகட்டும். பிறகு வள்ளிக்கிழங்கு, கேரட், சேனை. சேனையில்தான் சிக்கல். அதன் அரிப்பு போகப் புளி வேண்டும். ஆனால் புளியை முதலிலேயே ஊற்றிவிட்டால் பருப்பும் கிழங்கும் எளிதில் வேகாமல் முரண்டு பிடிக்கும். அதனால் சேனையை மட்டும் புளித்தண்ணீரில் தனியே அரைவேக்காடு எடுத்துச் சேர்ப்பேன். கிழங்கு பாதி வெந்ததும், அரை மணி நேரம் ஊறிய சாமை ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர் என்ற கணக்கில் எல்லாம் ஒன்றாகக் கொதிக்கும். சாமை இருபது நிமிடத்தில் மலர்ந்து குழைந்துவிடும். கடலை எண்ணெயில் கடுகு, சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டினால் வேலை முடிந்தது. திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, குறைவில்லை. வேறு எண்ணெய் தேட வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் கெட்டியாக்கும் வேலை கடைசியில்தான் வரும். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல் தண்ணீரை வடித்துக் கசப்பைப் போக்க வேண்டும். அரிசி, மரவள்ளி, பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கை இலை எல்லாம் வெந்த பிறகு, அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் சேர்த்து, மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டுவார்கள். இங்கே கை ஓய்ந்தால் கட்டி விழும், அடியும் பிடிக்கும். சாமையிடம் இந்த நச்சரிப்பு இல்லை. இடையிடையே துழாவிவிட்டால் போதும்.

ருசி என்று வந்தால் என் தராசு ஒரு பக்கம் சாயும். ஒடியல் கூழ் மீன், நண்டு, இறாலுக்காகவே பிறந்தது போன்றது. பனையின் அந்த மண்வாசனை கலந்த காட்டத்தைக் கடல்தான் ஈடுகட்டுகிறது. மரக்கறி மட்டும் போட்டுக் காய்ச்சும் வீடுகள் உண்டு, நன்றாகவும் இருக்கும். ஆனால் பலாக்கொட்டையை இரட்டிப்பாக்கி, புளியையும் உறைப்பையும் கூட்டினால்தான் வெறுமை தெரியாது. சாமைக்கு அழுத்தமான குணம் ஒன்றும் கிடையாது. சேனை என்ன சொல்கிறதோ அதைக் கேட்டுக்கொள்ளும். பால், நெய், மீன் எதுவும் தொடாமல் வயிறு நிறையச் சாப்பிட நினைப்பவருக்கு அதனால் சாமையே தோது. தானியத்தில் குறையும் லைசின் புரதக்கூற்றைப் பருப்பு நிரப்பிவிடுகிறது என்பதும் ஒரு வசதி.

பரிமாறும் அழகில் மட்டும் யாழ்ப்பாணத்தை மிஞ்ச முடியாது. பலா இலையைக் கோலி, அதில் ஊற்றி, சுடச்சுட உறிஞ்ச வேண்டும். சாமைக் கூழை அப்படிக் குடிக்க முடியாது; கிழங்குத் துண்டு இலையில் அடைத்துக்கொள்ளும். கிண்ணம்தான் சரி.

ஒடியல் மாவு கிடைக்காத ஊரில் சாமை மாவைக் கரைத்து ஊற்றலாமா என்று கேட்பார்கள். கெட்டிப்படும்; பனையின் மணம் வராது, முழுச் சாமையின் மலர்ச்சியும் இருக்காது. அதைவிட முழுச் சாமையையே போடுங்கள். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போனால், வெள்ளைவெளேரென்று தீட்டியதை விட்டுவிட்டு, தவிடு ஒட்டிப் பழுப்பாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வேகப் பத்து நிமிடம் கூடுதலாகும், தண்ணீரும் ஒரு பங்கு அதிகம் இழுக்கும். மறுநாள் காலையில் இறுகிப்போயிருந்தால் வெந்நீர் விட்டுக் கரைத்துக்கொள்ளலாம்.