ஒலுவில் வீதியில் ஒரு துவிச்சக்கரவண்டி

பிரான்சு தேசத்தின் சமதரையான நாட்டுப்புறங்களில், வாகனங்கள் வராத வழிகளில், அவசரமேதுமின்றித் துவிச்சக்கரவண்டியில் நாட்கணக்காகச் சுற்றித் திரிவது இன்று பலரும் விரும்பும் ஓய்வுக்காலப் பொழுதுபோக்காகும். அங்கு குடியேறிய நம்மவர்கள் சிலர், வாய்க்கால் கரைகளையும் மரநிழலையும் திராட்சைத் தோட்டங்களையும் பற்றி வியந்து சொல்லக் கேட்டிருக்கின்றேன். வியப்பதற்கு அதில் நிறையவே உண்டு. ஆயினும் தட்டையான நிலமும் வாய்க்கால் கரையும் நெல்வயலும் கடற்காற்றும் ஒருங்கே அமைந்த இடம் நம்மிடமும் இருக்கின்றது. கல்முனையில் தொடங்கி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று அக்கரைப்பற்று வரை நீளும் அம்பாறைக் கரையோரமே அது. ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தூரம். வழியில் ஏறுவதற்கு ஒரு மேடு கிடையாது. பாலங்களின் ஏற்றம் மட்டுமே கால்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் அந்தப் பயணம் இங்கு ஏன் ஓர் இன்பமாக வளரவில்லை? இக்கேள்விக்கு விடை தேட, இரு கரைகளின் வரலாற்றையும் பார்க்க வேண்டியிருக்கின்றது.

இன்றைய வடிவிலான துவிச்சக்கரவண்டியை 1885 இல் இங்கிலாந்தின் ஜோன் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கினார். காற்றடைத்த டயருக்கு 1888 இல் டன்லொப் காப்புரிமை பெற்றார். பிரான்சில் அதனை ஒரு பயணக் கலையாக்கியவர்களுள் முதன்மையானவர், வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய போல் டி விவி. சென் எத்தியன் நகரில் 1887 முதல் ஒரு சஞ்சிகை நடத்தி, போட்டிக்காக அன்றி ஊர் பார்ப்பதற்காகவும் உடல்நலத்துக்காகவும் வண்டி மிதிக்குமாறு வாழ்நாளெல்லாம் எழுதினார். அவர் 1930 இல் நகர வீதியொன்றில் டிராம் வண்டி மோதி இறந்துபோனார். அவசரமில்லாப் பயணத்தைப் போதித்தவரின் உயிரை அவசரமான வாகனமொன்று பறித்தது. வண்டி மிதிப்பவனுக்குத் தனி வழி வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான வாதம் தேவையில்லை.

ஆனால் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்காக இருந்ததைத் தொழிலாளரின் கையில் கொடுத்தது ஒரு சட்டம். 1936 யூன் மாதத்தில் லெயோன் புளும் தலைமையிலான மக்கள் முன்னணி அரசாங்கம், ஊழியர் அனைவருக்கும் வருடத்தில் இரண்டு வாரம் சம்பளத்துடனான விடுமுறை வழங்கியது. அந்தக் கோடையில் ஆலைத் தொழிலாளர்கள் தனி வண்டிகளிலும், இருவர் சேர்ந்து மிதிக்கும் வண்டிகளிலும் நாட்டுப்புறத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். கடலை முதன்முறையாகக் கண்டவர்களும் அவர்களுள் இருந்தனர்.

வழிகள் பின்னர் வந்தன. தெற்கே துலூசிலிருந்து மத்தியதரைக் கடலோர நீரேரிவரை ஏறத்தாழ 240 கிலோமீற்றர் நீளமுள்ள மிடி கால்வாய், ரிக்கே என்பவரின் முயற்சியால் 1666 இல் தொடங்கி 1681 இல் திறக்கப்பட்டது. படகுகளைக் குதிரைகள் இழுத்துச் சென்ற அதன் கரைப்பாதையில் இன்று துவிச்சக்கரவண்டிகள் செல்கின்றன. கைவிடப்பட்ட ரயில் தடமொன்றும் பேர்கண்டி மாநிலத்தில் 1997 இல் இத்தகைய வழியாக மாற்றப்பட்டது. மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லாத இவ்வழிகளைப் 'பசுமை வழி' என்ற பெயரில் 2004 இல் அந்நாட்டின் வீதிச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. அதாவது, அங்கு நாம் காணும் அமைதி இயற்கை தந்தது அல்ல. விடுமுறைக்கு ஒரு சட்டமும் வழிக்கு ஒரு சட்டமுமாக மனிதர்கள் தேடிக்கொண்டது.

இனி நமது கரைக்கு வருவோம். 'துவிச்சக்கரவண்டி' என்பது பத்திரிகைகளுக்கும் பொலிஸ் நிலையங்களுக்கும் உரிய சொல். சந்தையிலும் வட்டையிலும் அது சைக்கிள்தான். எங்கள் தலைமுறையில் றலி, ஹம்பர், பின்னர் லுமாலா என்று பெயர் சொல்லியே அதை அழைத்தார்கள். ஊர்கள் கடலோர மணலில் நெருங்கிக் கிடக்க, வயல்கள் மேற்கே பரந்திருப்பது இக்கரையோரத்தின் அமைப்பு. வீட்டுக்கும் வயலுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்கவே இங்கு சைக்கிள் வேண்டியிருந்தது.

பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து நீர்த்தேக்கம் அமைக்க, 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து புறப்பட்ட வாய்க்கால்கள் கரையோர வயல்களுக்கும் நீர் கொண்டுவந்தன. அதே திட்டத்தின் குடியேற்றங்கள் 1956 இல் இனக்கலவரத்தைக் கண்டன என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் அவ்வாய்க்கால்களின் கரைகள், யாரும் திட்டமிடாமலே, சைக்கிளுக்கு ஏற்ற வழிகளாயின. மண்வெட்டியைச் சட்டத்தில் கட்டிக்கொண்டு விடியுமுன் வட்டைக்குப் போகும் விவசாயி, நீர்ப்பங்கீட்டைப் பார்த்துவரும் வட்டவிதானை, பின்னே பெட்டி கட்டி மீன் விற்பவர், மருதமுனை நெசவுச் சாரன்களை மூட்டையாக ஏற்றி ஊரூராகச் செல்லும் வியாபாரி என்று எல்லோரும் மிதித்தார்கள். ஓய்வுக்காக மிதித்தவர் அரிது. ஆனால் வேலை முடிந்து திரும்பும் மாலையில், எதிர்க்காற்றில் இருவர் அருகருகே கதைத்துக்கொண்டு மெல்ல வருவதைக் கண்டவர்கள், அது வெறும் பிழைப்புப் பயணம் மட்டுமே என்று சொல்லமாட்டார்கள்.

இப்பயணங்களுக்கு இன்னொரு சிறப்பும் இருந்தது. முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் இங்கு மாறி மாறி வருகின்றன. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு இருக்கின்றது. பாங்கோசை கேட்கும் எல்லையைத் தாண்டியதும் கோயில் மணி கேட்கும். ஒரு சைக்கிள் அரை மணி நேரத்தில் இரண்டு மூன்று உலகங்களைக் கடந்துவிடும். விருந்துக்கும் வைத்தியத்துக்கும் கூலிக்கும் கடனுக்கும் அப்படிக் கடந்துகொண்டிருந்தார்கள்.

போர் இதைத்தான் முதலில் நிறுத்தியது. 1990 ஓகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதத்தில் வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்திருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னர் ஓர் ஊரின் எல்லை என்பது சைக்கிள் திரும்ப வேண்டிய இடமாயிற்று. வட்டைக்குப் போனவர்கள் திரும்பாத நாட்களும் இருந்தன. வயலைக் கைவிட்டவர்கள் இரு சமூகங்களிலும் உண்டு. சோதனைச் சாவடி வந்ததும் இறங்கி, வண்டியை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். சைக்கிளில் குண்டு வைக்கும் வழக்கம் வந்தபின், சுவரில் சாய்த்து நிறுத்திய வண்டியே ஐயத்துக்குரிய பொருளாகியது.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். செய்திக்காகச் சென்ற மாலைகளில் அக்கரைப்பற்று வீதியைப் பார்த்திருக்கின்றேன். ஆறு மணிக்குப் பின் ஒரு வாகனமும் இராது. வயல்வெளியின் நடுவே நேராக ஓடும் வீதி முழுவதும் காலியாகக் கிடக்கும். வாகனமில்லாத சமதரை என்று மட்டும் கணக்கெடுத்தால், பிரான்சின் எந்த வழிக்கும் அது குறைந்ததல்ல. ஆனால் அதில் மிதிக்க ஒருவரும் துணியவில்லை. வெறிச்சோடிய வீதி வேறு, அமைதியான வீதி வேறு என்பதை நான் அறிந்துகொண்டது அங்கேதான்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் ஒரே காலையில் சிதைந்தன. கிழக்கில் 2007 இலும் நாடு முழுவதும் 2009 இலும் போர் முடிந்தது. அதன் பின்னர் வீதிகள் அகன்றன, கார்ப்பெற் விரிக்கப்பட்டது. கூடவே மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் சொகுசுப் பஸ்ஸும் பெருகின. அச்சம் விலகிய வீதியில் வேகம் வந்து குடியேறியது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் சோதனைச் சாவடிகளும் சிறிதுகாலம் மீண்டன.

ஒலுவில் துறைமுகத்தின் கதையும் இதனோடு சேர்ந்தது. எம். எச். எம். அஷ்ரப் அவர்கள் துறைமுக அமைச்சராக இருந்த காலத்தில் கண்ட கனவு அது. 2000 செப்டெம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மறைந்தார். நிர்மாணம் 2008 இல் தொடங்க, 2013 செப்டெம்பரில் துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. ஆனால் வணிகக் கப்பல்கள் வந்துபோகும் துறையாக அது வளரவில்லை. வாயிலை மணல் மூடியது. கடலுக்குள் நீண்ட அலைதடுப்புகள் மணலின் இயல்பான ஓட்டத்தை மறித்தன. ஒலுவில் கிராமத்தின் கரையும் நிந்தவூர்க் கரையும் அரிக்கப்பட்டன, தென்னைகள் சாய்ந்தன, மீனவர்கள் தோணி ஏற்றும் மணற்பரப்பை இழந்தார்கள். பெரிய கப்பல்களுக்கு வழி செய்யப் போய்ச் சிறிய தோணிகளின் இடம் கரைந்தது. கரையோர வீதியிலும் ஏறத்தாழ இதுவே நடந்தது. பெரிய வாகனங்களுக்கு வழி அகன்றபோது சைக்கிள்காரரின் இடம் வீதியின் ஓர விளிம்பாகச் சுருங்கியது.

பின்னர் 2022 வந்தது. யூன் இறுதியில், இரு வாரங்களுக்கு அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. கொட்டகைகளில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் தூசு தட்டப்பட்டன. திருத்தும் கடைகளில் கூட்டம் நின்றது. ஆசிரியர்களும் அலுவலர்களும் மீண்டும் மிதித்தார்கள். பெற்றோல் வந்ததும் பலர் இறங்கிவிட்டார்கள். கட்டாயத்தினால் ஏறியவர்கள் கட்டாயம் தீர்ந்ததும் இறங்குவது இயல்பே. 1936 இல் பிரெஞ்சுத் தொழிலாளி ஏறியது வறுமையினால் மட்டுமல்ல. அவனுக்கென்று இரண்டு வாரங்கள் இருந்தன, அந்த நாட்களுக்குச் சம்பளமும் இருந்தது. நமது விவசாயிக்கும் மீனவருக்கும் அப்படியொரு காலம் ஒருபோதும் வழங்கப்படவில்லை.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை நிலத்தில் இல்லை. நிலம் போதுமான அளவு தட்டையாகவே இருக்கின்றது. வாய்க்கால் கரைகளும் இருக்கின்றன. குறைவாக இருந்தவை மூன்று: ஓய்வு, அச்சமின்மை, வண்டி மிதிப்பவனுக்கென்று ஒரு வழி. இவற்றுள் முதலாவதைத் தருவது பொருளாதாரம். மூன்றாவதைத் தருவது நிர்வாகம். கல்லோயா வாய்க்கால் கரைகளிற் சிலவற்றையேனும் மரம் நட்டு, விவசாயிக்கும் மாணவருக்கும் பயணிக்கும் பொதுவான சைக்கிள் வழிகளாக்குவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமல்ல. ஒரு துறைமுகத்தின் செலவோடு ஒப்பிட்டால் அது கணக்கிலேயே வராது.

இரண்டாவதை எந்தத் திணைக்களமும் தர முடியாது. அது அயலவர்கள் ஒருவருக்கொருவர் தருவது. நிந்தவூர்ப் பிள்ளை காரைதீவுக்கும், காரைதீவுப் பிள்ளை ஒலுவிலுக்கும் மாலை நேரத்தில் காரணம் எதுவுமின்றிச் சைக்கிளில் போய்வருவதும், எங்கே போனாய் என்று வீட்டில் எவரும் பதறாதிருப்பதும் வழமையாகுமானால், இக்கரையோரத்தின் போர் உண்மையாகவே முடிந்துவிட்டது என்று நான் எழுதுவேன்.