தண்டோராவிலிருந்து சென்சார் வரை: விளிம்பில் நிறுத்தப்பட்டவர்களின் வரலாறு



சந்தவாசலிலிருந்து படவேடு போகும் வழியில் நின்றால் ஜவ்வாது மலை தெரியும். அந்த மலையில் பிறக்கும் கமண்டல நாகநதிதான் படவேட்டைத் தாண்டி, பட்டுக்குப் பெயர்போன ஆரணி வழியாக ஓடுகிறது. மலையில் மழை கொட்டினால் கீழே ஏரிகள் நிரம்பும். சரி, ஏரி நிரம்பிவிட்டது, கரை கசிகிறது என்ற சேதி ஊருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

இன்று இதற்குக் கருவி இருக்கிறது. தண்ணீருக்கு மேலே பொருத்திய சென்சார் ஒலி அலையைக் கீழே அனுப்பும். அது பட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்து நீர்மட்டத்தைக் கணக்கிடும். பக்கத்திலேயே இருக்கும் சிறு கணினி, மட்டம் அபாய அளவைத் தாண்டுகிறதா என்று அங்கேயே முடிவு செய்து, சிம் கார்டு வழியாகச் சேதி அனுப்பும். நிகழ்வு நடக்கும் இடத்திலேயே, வலைப்பின்னலின் ஓரத்தில் இருந்து வேலை செய்வதால் இதை 'விளிம்புக் கருவி' என்கிறார்கள்.

விளிம்பு! நமக்கு நன்றாகப் பழகிய சொல்தான். இந்தக் கருவி வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிராமத்தில் இதே வேலையைச் செய்தவர்கள் உண்டு. அவர்கள் விளிம்பில் நிறுத்தப்பட்ட மனிதர்கள்.

ஏரித் தண்ணீரைக் கவனித்தவர் நீர்க்கட்டி. மதகைத் திறப்பது, அடைப்பது, வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சுவது, மழை இரவில் கரையில் நடந்து கசிவைக் கண்டுபிடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பல ஊர்களில் இந்த வேலை தலித் குடும்பங்களின் தலையில்தான் வைக்கப்பட்டது. ஊருக்குச் சேதி சொல்ல வெட்டியான் தண்டோரா போட்டார். யாராவது செத்தால் உறவுக்காரர்களின் ஊர் ஊராக நடந்து இழவு சொல்லப் போனவரும் அவர்தான். காண்பது, கணிப்பது, கொண்டு சேர்ப்பது என்று இன்று சென்சாரும் கணினியும் சிம் கார்டும் செய்வதை அன்று ஒரு சேரியின் கண்களும் கால்களும் கைகளும் செய்தன.

இதற்குக் கிடைத்த கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போட்ட நெல். தண்ணீர் எந்த வயலுக்கு எப்போது போக வேண்டும் என்று அறிந்தவரிடம் பெரும்பாலும் சொந்த வயல் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கை இந்த நிலமின்மையைத்தான் பேசியது. 1892இல் பஞ்சமி நில ஆணை வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

சேதி சொல்லும் வேலை எப்போதுமே இழிவாகப் பார்க்கப்பட்டதா? இல்லை. மணிமேகலையில் யானை மீது முரசேற்றி இந்திர விழாவை அறிவிக்க வருபவரைப் பாருங்கள். அங்கே அது மதிப்புள்ள பணி. பறையைத் தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாக வைக்கிறது. இழிவு கருவியில் இல்லை. அதை அடிக்க ஒரு சாதியைக் கட்டாயப்படுத்தியதில்தான் இழிவு வந்தது.

இதை அரசியலாக்கியவர் பாபாசாகேப் அம்பேத்கர். மகாராஷ்டிரத்தில் மகர்கள் செய்த வேலையும் இதேதான்: அரசுச் சேதி கொண்டு போவது, அதிகாரிக்கு வழி காட்டுவது, சாவுச் சேதி சொல்வது. இரவு பகல் எந்நேரமும் அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் வீட்டில் உள்ள வேறொருவர் போக வேண்டும். அதாவது, அணைத்து வைக்கவே முடியாத கருவியாக ஒரு குடும்பத்தையே வைத்திருந்தார்கள். இந்த மகர் வதன் முறையை மாற்ற 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார்.

அதே காலத்தில் அரசாங்கம் தனக்கென்று வேறொரு வலைப்பின்னலைக் கட்டியிருந்தது. சென்னையில் வானாய்வு நிலையம் 1792இல் வந்தது. இந்திய வானிலைத் துறை 1875இல் வந்தது. மழைமானியும் தந்தியும் சேர்ந்தன. அங்கே அளந்தது பதிவேட்டில் ஏறியது, அறிவியல் ஆனது. கரையில் நடந்து காலால் ஈரத்தை அறிந்தவரின் அறிவோ 'ஊர் வேலை' என்ற பெயரிலேயே நின்றுபோனது. ஊர்க் கணக்கு கர்ணத்தின் கையில் இருந்தது. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் தமிழ்நாட்டில் 1980இல்தான் ஒழிந்தன.

தண்டோராவுக்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடுவதை நிறுத்தும்படி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்றார். வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் ஒலிபெருக்கி என்ன 2022இலா கண்டுபிடிக்கப்பட்டது? ஒவ்வொரு டீக்கடையிலும் அது பல பத்தாண்டுகளாகப் பாடிக்கொண்டிருந்ததே! தொழில்நுட்பம் வந்தால் சாதி வேலை தானாகப் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னும் கொடுமையான சான்று சாக்கடைக் குழி. அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் சாவுக்குள் இறங்குகிறார். மனித மூக்கு ஏமாறும் இடத்தில் வாயு சென்சார் ஏமாறாது. நான்கு வாயுக்களை அளக்கும் கருவி, கைப்பிடி அளவுதான். மலக்குழித் தொழிலைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளிலேயே அது பாதுகாப்புக் கருவிகளின் பட்டியலில் இருக்கிறது. 2018இல் திருவனந்தபுரத்தில் பண்டிகூட் என்ற இயந்திரமே குழிக்குள் இறங்கிவிட்டது. ஆனாலும் சாவு நிற்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்தச் சாவுகளுக்கான இழப்பீட்டைப் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது.

உயிரைக் காக்கும் சென்சார் வந்து சேரவில்லை. ஆனால் வேவு பார்க்கும் சென்சார் சீக்கிரம் வந்துவிட்டது. நாக்பூர், சண்டிகர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டினார்கள். எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று அலுவலகத் திரையில் தெரியும். கழிப்பறைக்குப் போகவே பெண்கள் கூசினார்கள். சண்டிகரில் தொழிலாளர்கள் எதிர்த்துப் போராடினார்கள். அன்று தண்ணீரைக் கண்காணிக்க வைக்கப்பட்ட அதே மக்கள், இன்று கண்காணிக்கப்படும் பொருளாகிவிட்டார்கள்.

கருவியை வெறுக்கச் சொல்லவில்லை. கணினி படிக்கும் நம் பிள்ளைகள் இந்தக் கருவிகளைக் கட்டவே வேண்டும். கட்டும்போது மூன்று கேள்விகளை மறக்காதீர்கள். இது யாரைப் பார்க்கிறது? சேதி முதலில் யாருக்குப் போகிறது? அணைத்து வைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? குழிக்குள் இறங்கச் சொல்லப்படுகிறவரின் கையில் முதல் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும், 'இறங்க மாட்டேன்' என்று சொல்லும் உரிமையும் அவரிடம் இருக்க வேண்டும். ஏரி நிரம்பும் சேதி, கரைக்குக் கீழே இருக்கும் சேரிக்கும் அதே நொடியில் போக வேண்டும்.

நம் பாட்டன்கள் ஊருக்கே சேதி சொன்னார்கள். அந்தச் சேதியின் மேல் அவர்களுக்கு உரிமை தரப்படவில்லை. நாம் கேட்க வேண்டியது அந்த உரிமையைத்தான்.

ஜெய் பீம்!