மலையை மூடும் உரிமை: பிளாட்ஹெட் பழங்குடி நிலத்தில் கிரிஸ்லி கரடிகள்

ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள மக்டொனால்ட் சிகரத்துக்குக் கீழே, உடைகல் சரிவில் கிரிஸ்லி கரடிகள் கல் புரட்டிக்கொண்டிருக்கும். முன்னங்காலால் ஒரு கல்லை இழுத்துத் தள்ளும். அடியில் மூக்கை நுழைத்து நக்கும். அடுத்த கல்லுக்கு நகரும். அவ்வளவு பெரிய விலங்கு அத்தனை பாடுபட்டுத் தேடுவது அந்துப்பூச்சியை. சமவெளி வயல்களில் வெட்டுப்புழுவாக வளர்ந்து, கோடை பிறந்ததும் மலைக்குப் பறந்துவரும் பூச்சி அது. இரவெல்லாம் மலைப்பூக்களில் தேன் குடித்துவிட்டுப் பகலில் கல்லிடுக்கில் ஒண்டிக் கிடக்கும். கோடை முதிர முதிர அதன் உடலில் கொழுப்பு ஏறிக்கொண்டே போகும். குளிர்கால உறக்கத்துக்கு முன் கொழுக்க வேண்டிய கரடிக்கு இதைவிடச் செறிந்த தீனி கிடையாது. அருகிலுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவில் நடந்த ஆய்வு ஒன்று, ஒரு கரடி ஒரே நாளில் 40,000 பூச்சிகள் வரை தின்னக்கூடும் என்று கணக்கிட்டது. இந்தச் சிகரம் அமைந்த மிஷன் மலைத்தொடரில் கரடிகள் இந்தப் பூச்சிகளையும் பொறிவண்டுகளையும் தின்பது 1955-லேயே அறிவியல் இதழில் பதிவாகிவிட்டது.

ஆண்டுதோறும் ஜூலை 15 முதல் அக்டோபர் 1 வரை, சிகரத்தைச் சுற்றிய சுமார் 10,000 ஏக்கர் மலையேறுபவர்களுக்கும் முகாமிடுபவர்களுக்கும் மூடப்படுகிறது. தீனி தேடும் கரடி ஆள் நடமாட்டத்தால் கலைந்து கீழே இறங்கக் கூடாது என்பதே காரணம். இந்த உத்தரவைப் போடுவது சேலிஷ்–கூட்டெனே ஒருங்கிணைந்த பழங்குடிகளின் அரசு. மாநில அரசோ ஒன்றிய வனத்துறையோ சொல்லி அது மூடவில்லை. தன் நிலத்தைத் தானே மூடுகிறது.

பெரிய ஊனுண்ணிகளோடு மனிதர் அருகருகே வாழ்வது பற்றிய எழுத்துகளில் மின்வேலி, ரேடியோ காலர், இழப்பீட்டுத் தொகை ஆகியவையே பெரிதாகப் பேசப்படுகின்றன. அவை வேண்டியவைதாம். ஆனால் சேலிஷ்–கூட்டெனே பழங்குடிகளின் பிளாட்ஹெட் காப்பு நிலத்தின் வரலாற்றைப் பார்த்தால், இந்தக் கருவிகளுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று நிற்கிறது: இந்த நிலத்தில் எதைத் திறப்பது, எதை மூடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? கரடி–மனித மோதல் என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி, நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற கதையின் பின்விளைவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1855-இல் கையெழுத்தான ஹெல்கேட் ஒப்பந்தத்தில் சேலிஷ், பாண்டரே, கூட்டெனே மக்கள் இன்றைய மேற்கு மொன்டானாவின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். தங்களுக்கென்று வைத்துக்கொண்டது ஏறத்தாழ 13 லட்சம் ஏக்கர். ‘ரிசர்வேஷன்’ என்ற சொல்லைக் கேட்டதும் அரசு இரங்கி ஒதுக்கிக் கொடுத்த இடம் என்ற எண்ணமே பலருக்கும் வருகிறது. ஒப்பந்தத்தின்படி அது அவர்கள் விட்டுக்கொடுக்காமல் தக்கவைத்த நிலம். அதையும் முழுதாக விட்டுவைக்கவில்லை. 1904-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் பொதுநிலத்தைத் தனித்தனித் துண்டுகளாக்கி உறுப்பினர்களுக்குப் பிரித்தது. ‘மிச்சம்’ என்று கணக்கிட்டதை 1910 முதல் வெளிக்குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. பள்ளத்தாக்கின் நல்ல மண் கைமாறியது. இன்று காப்பு நிலத்துக்குள் வாழும் சுமார் 30,000 பேரில் பெரும்பான்மையினர் பழங்குடி உறுப்பினர் அல்லர். விற்றுப்போன நிலத்தைப் பழங்குடி அரசு பல பத்தாண்டுகளாகக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கிவருகிறது.

கரடிக்கு இந்த எல்லைகள் தெரியாது. பனி உருகும்போது முதலில் பச்சை துளிர்ப்பது பள்ளத்தாக்கின் ஓடையோரப் புதர்களில்தான். இலையுதிர்காலத்தில் பெர்ரி பழுப்பதும் அங்கேதான். கோடையில் மலை, வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் பள்ளத்தாக்கு என்பதே கரடியின் ஆண்டுச் சுற்று. 1910-இல் பள்ளத்தாக்கு விற்கப்பட்டபோது அந்தச் சுற்றில் பாதி விற்கப்பட்டது.

மலை தப்பியதும் தற்செயலாக அல்ல. 1970-களில் மிஷன் மலையின் மேற்குச் சரிவில் மரம் வெட்டும் திட்டம் வந்தது. அதை முன்நின்று எதிர்த்தவர்கள் மூன்று மூதாட்டிகள் என்பது அங்கே இன்றும் சொல்லப்படும் கதை. மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்தை 1975-இல் ஒன்றிய அரசு காப்புக் காடாக அறிவித்தது. மேற்குப் பக்கத்தில் சுமார் 92,000 ஏக்கரை 1982-இல் பழங்குடி மன்றமே தன் சட்டத்தால் காப்புக் காடாக்கியது. அமெரிக்காவில் ஒரு பழங்குடி அரசு தானாக முன்வந்து அப்படிச் செய்தது அதுவே முதல் முறை.

பழங்குடி என்றாலே இயற்கையின் காவலர் என்று பூச்சூட்டிவிட்டு நகர்வது எளிது. அது உண்மைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மரத்தை விற்கலாம் என்று நினைத்தவர்களும் அந்தச் சமூகத்துக்குள் இருந்தார்கள். வேலையும் வருமானமும் அவர்களுக்கும் தேவைப்பட்டன. தன்னாட்சி காட்டைக் காப்பாற்றும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் முடிவெடுக்கும் இடம் ஊருக்குள்ளேயே இருந்ததால் அந்த மூதாட்டிகளின் குரல் அந்த மேசையை எட்டியது. தொலைவிலிருந்த ஓர் அலுவலகத்தில் அதே கோப்பு நகர்ந்திருந்தால், அவர்களுடைய சொல் மனுவாகி எங்கோ தேங்கியிருக்கும்.

பள்ளத்தாக்கில் கதை வேறு. அங்கே உத்தரவு செல்லாது. அண்டை வீட்டாரைக் கேட்டுத்தான் காரியம் நடக்க வேண்டும். அண்மைக் காலத்தில் மிஷன் பள்ளத்தாக்கில் கரடிகளைச் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் கோழிதான். சிறு மனை வாங்கிக் குடியேறுபவர்கள் ஆசைக்குப் பத்துக் கோழி வளர்க்கிறார்கள். பலகையடித்த கூடு, பக்கத்தில் தீவன மூட்டை. தாய்க் கரடி ஓர் இரவு பலகையைப் பெயர்க்கிறது. உடன் வந்த குட்டிகள் பார்த்துக் கற்கின்றன. மறுநாள் அடுத்த வீடு. பிறகு பொறிக்கூண்டு, தொலைவில் கொண்டுபோய் விடுதல், திரும்பிவருதல், கடைசியில் துப்பாக்கி. பெண் கிரிஸ்லி முதல் ஈற்றுக்கே ஐந்தாறு வயதாகும். ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடையே மூன்றாண்டு போகும். ஒரு தாயின் சாவை ஈடுகட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும். பத்துக் கோழிக்கு அந்த விலை மிக அதிகம்.

தீர்வு எளியது என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. கூட்டைச் சுற்றி ஐந்து வரிசைக் கம்பி. சூரியத் தகட்டிலோ பேட்டரியிலோ இயங்கும் மின்துடிப்புக் கருவி. ஈர மண்ணில் ஆழமாக அடித்த எர்த்துக் கம்பி. கரடியின் அடர்ந்த ரோமம் மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால் அது எதையும் முதலில் மூக்கால்தான் தொட்டுப் பார்க்கும். ஈர மூக்கில் ஷாக் ஒருமுறை பட்டால் போதும். வேலி தோற்கும் இடங்களும் தெரிந்தவையே: புல் வளர்ந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும், கோடையில் மண் காய்ந்து எர்த் செத்துவிடும். பழங்குடி அரசின் வனவிலங்குப் பணியாளர்களும் தன்னார்வ அமைப்புகளும் பழங்குடியல்லாதோர் வீடுகளுக்கும் சென்று வேலி போட உதவுகிறார்கள். பாட்டன் நிலத்தை விலைக்கு வாங்கியவரின் கோழிக்கூட்டுக்குப் பேரன் வேலி கட்டுகிறான். இதில் இருக்கும் பெருந்தன்மையைச் சொல்லாமல் கடந்து போக முடியாது. ஆனால் பெருந்தன்மையை நம்பி ஒரு கொள்கையைக் கட்ட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பழங்குடி அரசின் கையில் அதிகாரம் இருந்தபோது என்ன நடந்தது என்பதற்கு நெடுஞ்சாலை 93 சான்று. மாநில அரசு இச்சாலையை அகலப்படுத்த முயன்றபோது பழங்குடி அரசு சம்மதிக்கவில்லை. சாலை இந்த மண்ணுக்கு வந்த விருந்தாளி, மண்ணுக்கு ஏற்ப அதுதான் வளைய வேண்டும் என்றது. நீண்ட இழுபறிக்குப் பின் 2000 டிசம்பரில் பழங்குடி, மாநில, ஒன்றிய அரசுகள் மூன்றும் உடன்பாட்டுக்கு வந்தன. எவாரோ முதல் போல்சன் வரையிலான 56 மைலில் விலங்குகளும் மீன்களும் கடப்பதற்குச் சுமார் 40 கட்டுமானங்கள் எழுந்தன. எவாரோவில் சாலைக்கு மேலே மண்ணும் செடியும் போர்த்திய பாலம் ஒன்றும் உண்டு. பின்னர் நடந்த கண்காணிப்பில் ஆண்டுக்கு 22,000-க்கும் மேற்பட்ட கடப்புகள் பதிவாயின. பெரும்பாலும் மான்கள், இடையிடையே கரடியும் மலைச்சிங்கமும். சாலையோர வேலியின் நீளம் 5 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் விலங்குகள் வண்டிகளில் மோதுவது நம்பத்தக்க அளவு குறைகிறது என்ற பாடமும் இந்த ஆய்விலிருந்து கிடைத்தது. காப்பு நிலத்துக்குள் உறுப்பினரல்லாதவர் பெருவிலங்கு வேட்டையாடக் கூடாது என்ற தடையும் இதே அதிகாரத்தின் இன்னொரு முகம்.

இதையெல்லாம் செய்ய அவர்களிடம் பணம் இருக்கிறது என்று மறுப்பவர்கள் உண்டு. இருக்கிறது, அதுவும் வந்த வழியைப் பார்க்க வேண்டும். தங்கள் ஆற்றில் வேறொருவர் நடத்திவந்த நீர்மின் அணையை 2015 செப்டம்பரில் பழங்குடி அரசு விலைக்கு வாங்கித் தனதாக்கிக்கொண்டது. உரிமை முதலில் வந்தது, வருவாய் பிறகு. மக்கள் நெருக்கம் குறைவு என்ற மறுப்பில் நியாயம் உண்டு; நெருக்கமான நாடுகளில் 10,000 ஏக்கரை மூடுவது இத்தனை எளிதல்ல. ஆயினும் எதை மூடலாம் என்று அங்கு வாழ்பவரைக் கேட்பது எங்கும் முடியும்.

கிரிஸ்லி 1975 முதல் ஒன்றியச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. இப்பகுதியில் அதன் எண்ணிக்கை இன்று ஆயிரத்தைத் தாண்டியிருக்கிறது. பாதுகாப்பை நீக்குவதா என்று மாநிலமும் ஒன்றியமும் மல்லுக்கட்டுகின்றன. நீடிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அறிவித்தது. அந்த வழக்காடலில் பழங்குடி அரசுகள் பெரும்பாலும் மூன்றாம் தரப்பாகவே நடத்தப்படுகின்றன.

நெடுஞ்சாலை 93-இல் ஒரு துண்டு இன்னும் மீதி இருக்கிறது. நைன்பைப் குட்டைகளுக்கு நடுவே சாலை போகும் அந்த இடத்தில், மலையிலிருந்து இறங்கிவரும் கிரிஸ்லிகள் இரவில் வண்டிகளில் அடிபட்டுச் சாகின்றன. அங்கே விலங்குப் பாலம் அமைப்பதற்கென 2023 டிசம்பரில் 86 லட்சம் டாலர் ஒன்றிய நிதி ஒதுக்கப்பட்டது. அந்த நிதியைப் பெற்றவர்கள் சேலிஷ்–கூட்டெனே பழங்குடிகள்.